கெட்டித்த துப்பாக்கி

தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்வது அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நம் ஊரில் அதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆனால், ஒவ்வொரு முறையும் சுடுகிறவரே மருந்தும் ஈயமும் இட்டு நிரப்பவேண்டிய துப்பாக்கி ஒன்றை அதே சட்டம் விவசாயிக்கு அனுமதிக்கிறது. கோட்டையும் பூட்டும் காட்டுப்பன்றியும் உள்ள திண்டுக்கல்லிலிருந்து ஒரு பார்வை.

தேர்தல் தேதி அறிவித்த கையோடு கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வரும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பார்கள். பழைய வேட்டியில் சுற்றியோ உரச்சாக்கில் நுழைத்தோ துப்பாக்கிகள் ஊரிலிருந்து கிளம்பும். ரைட்டர் நம்பரைச் சரிபார்த்து ரசீது எழுதித் தருவார். ஓட்டு எண்ணி முடித்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

தோட்டா போடும் துப்பாக்கி என்றால் மடக்கித் திறந்து பார்த்தாலே காலியா இல்லையா என்று தெரிந்துவிடும். வாய் வழியாக மருந்து போடும் குழல் துப்பாக்கிக்கு அந்த வசதி கிடையாது. அதைத் திறக்க முடியாது. சோதிக்க ஒரே வழி, கூடவே வரும் நீளக் கம்பியைக் குழலுக்குள் விடுவதுதான். அடியில் இரும்பில் பட்டு 'டங்' என்று கேட்டால் காலி. நாலு விரற்கடை முன்னாலேயே 'தொப்' என்று நின்றுவிட்டால் துப்பாக்கி கெட்டித்திருக்கிறது என்று அர்த்தம்.

'கெட்டிப்பது' என்ற இந்த ஒற்றை வினைச்சொல்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். மருந்தைப் போட்டு, அடைத்து, குத்தி இறுக்குவதற்கு நம் பக்கத்தில் இருக்கும் சொல் அது. திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறவரும் கெட்டிக்கிறார், கல்குவாரியில் குழி வெடி வைக்கிறவரும் கெட்டிக்கிறார். குழல் துப்பாக்கிக்காரர் ஒவ்வொரு வெடிக்கும் கெட்டிக்கிறார். கடையில் வாங்கிய தோட்டா என்பது, யாரோ ஒருவர் ஏதோ ஒரு தொழிற்சாலையில் நமக்காக முன்கூட்டியே கெட்டித்து வைத்த துப்பாக்கிக்குழல். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலு பொருள், ஒரு கம்பி

குழல் துப்பாக்கிக்கு நாலு பொருள் வேண்டும். கருமருந்து, அடைப்புக்குத் துணியோ தேங்காய் நாரோ காகிதமோ, ஈய ரவை, கடைசியாகக் கேப்பு. முதல் மூன்றும் குழலின் வாய் வழியாகப் போகும். கேப்பு மட்டும் பின்னால், குதிரை வந்து அடிக்கும் இடத்தில் தொப்பி மாதிரி உட்காரும். தீபாவளிக்குச் சின்னப் பையன்கள் கேப் துப்பாக்கியில் அடிக்கும் சிவப்புப் பொட்டும் இதுவும் உறவுக்காரர்கள். தட்டினால் பொறி. அந்தப் பொறி சின்னத் துளை வழியாக உள்ளே போய் மருந்தைத் தொடும். மருந்து ஒரு கண்ணிமைப்பில் புகையாகி விரியும். விரிய இடம் தேடும் புகைக்குத் திறந்திருப்பது ஒரே வாசல்தான். அந்த வாசலை அடைத்துக்கொண்டு ஈயம் நிற்கிறது. தள்ளிக்கொண்டு வெளியே போகிறது.

சொல்வதற்கு எளிது. கை பழகாதவனுக்கு இதில் நாலு இடத்தில் ஆபத்து இருக்கிறது. அடைப்புக்கும் மருந்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் குழல் வெடிக்கலாம். ஏற்கெனவே கெட்டித்ததை மறந்து மேலே இன்னொரு தடவை கெட்டித்தாலும் அப்படியே. சுட்ட சூடு ஆறும் முன்பு மருந்தைக் கொட்டினால், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஒரு கங்கு போதும். கருமருந்தின் இடத்தில், ஒரே நிறமாக இருக்கிறதே என்று வேறு மருந்தைப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. தோட்டாத் துப்பாக்கியில் தோட்டாவை உருவிப் பெட்டியில் வைத்துவிடலாம். குழல் துப்பாக்கியில் கெட்டித்ததைத் திரும்ப எடுக்க இரண்டே வழி. ஒன்று, சுட்டுத் தீர்ப்பது. இன்னொன்று, திருகுமுனைக் கம்பியை விட்டு அடைப்பைக் கொத்தி உருவுவது. ராத்திரி பன்றி வரும் என்று கெட்டித்து, பன்றி வராமல் விடிந்துபோனால், பெரும்பாலும் கேப்பை மட்டும் கழற்றிவிட்டு அப்படியே சுவரில் மாட்டிவிடுவார்கள். அது கெட்டித்தே தொங்கும். வீட்டில் பேரன் பேத்தி இருப்பார்கள். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் சில மாதத்துக்கு ஒரு முறை வரும் 'துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது வெடித்தது' என்ற நாலு வரிச் செய்திக்குப் பின்னால் பல சமயம் இந்தக் கதைதான் இருக்கும்.

பன்னிரண்டு பங்கு ஈயம்

துப்பாக்கியை அளக்கும் அளவே ஈயம் உருக்கும் அடுப்படியில் பிறந்தது. 'பன்னிரண்டு போர்' என்று ஊரில் சொல்கிறோமே, அது குழலின் அகலத்தை அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ சொல்லும் கணக்கு இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கிச் சமமான 12 உருண்டைகள் வார்த்தால், அதில் ஓர் உருண்டை அச்சாகப் பொருந்தும் குழல் 12 போர். பதினாறு உருண்டை வார்த்தால் 16 போர். அதனால்தான் எண் கூடக்கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போகிறது. ஒரு பவுண்டு 453.6 கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு சுமார் 37.8 கிராம். துப்பாக்கிக்காரன் தன் குண்டைத் தானே வார்த்த காலத்தில், அவன் கடையில் வாங்கியது ஈயக் கட்டி மட்டும். எனவே, எத்தனை குண்டு தேறும் என்பதே அவனுக்கு அளவு.

ஈயம் இந்த வேலைக்கு வாய்த்ததற்குக் காரணம் உண்டு. இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஈயத்துக்கு 327 டிகிரி போதும், விறகடுப்பே தாங்கும். தண்ணீரைப்போல 11 மடங்கு கனம். நகம் பட்டால் கோடு விழும் அளவுக்கு மென்மை என்பதால் குழலை அறுக்காது. பெரிய குண்டுக்கு இடுக்கி போன்ற அச்சு இருந்தது. சின்ன ரவைகளுக்கு 1782ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் ஒரு யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாக ஊற்றினால், விழும் வழியிலேயே ஒவ்வொரு துளியும் மழைத்துளிபோல் தானாக உருண்டுவிடும். கீழே தண்ணீர்த் தொட்டியில் விழும்போது ரவையாக இறுகியிருக்கும்.

நம் ஊரில் இந்த வித்தையைக் கைக்குள் வைத்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். குழல் துப்பாக்கியும் ரவையும் மருந்தும் அவர்களுடைய பிழைப்பின் அங்கம். காடை, கௌதாரி, கொக்கு, நரி என்று சுட்டு விற்றவர்களை 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாசிமணிக்கும் ஊசிக்கும் திருப்பிவிட்டது. பழங்குடிப் பட்டியலில் இடம் கேட்டுப் பல காலம் போராடியவர்களுக்கு அது கிடைத்தது 2023 ஜனவரியில்தான். துப்பாக்கி போன பிறகு இடைப்பட்ட அரை நூற்றாண்டு பஸ் ஸ்டாண்டுகளில் கழிந்தது.

அங்கே ஒரு மேஜை

கடலுக்கு அப்பால் இதே வேலை வேறொரு வேடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பல வீடுகளில் கார் நிறுத்தும் கொட்டகையின் ஓரத்தில் ஒரு மரமேஜை. அதில் நெம்புகோலோடு ஒரு கையழுத்தி, பக்கத்தில் நகைக்கடைத் தராசுபோல் நுட்பமான ஒரு தராசு, மருந்து டப்பா, புத்தகம். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசிவிடாமல் பொறுக்கிவந்து, மறுபடி உயிர்கொடுக்கும் பொழுதுபோக்கு இது.

காரணம் காசுதான். ஒரு தோட்டாவில் நாலு உறுப்பு: கூடு, கேப்பு, மருந்து, குண்டு. மூன்று சுட்டவுடன் தீர்ந்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். அதுதான் நாலில் விலை கூடியது. வெடித்தபோது உப்பிய கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, செத்த கேப்பைத் தட்டிப் புதிது வைத்து, மருந்து அளந்து, குண்டைப் பொருத்தினால் தோட்டா தயார். சிக்கனத்தில் ஆரம்பித்தவர்கள் போகப்போகத் துல்லியத்தில் மயங்கிவிடுவார்கள். தன் துப்பாக்கிக்கு எந்த அளவு ஒத்துப்போகிறது என்று பத்துப் பத்தாய் நிரப்பிச் சுட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். கிட்டத்தட்ட நம் ஊர் வைத்தியர் சூரணம் அளக்கிற பக்குவம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு அங்கே பெரியவர்கள் சொல்லும் முதல் பாடமும் வைத்தியத்தில் உள்ளதுதான்: கைமதிப்பில் போடாதே. 1884ல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு வந்த மருந்துகளெல்லாம் கருமருந்தைவிடப் பல மடங்கு அழுத்தம் கொடுப்பவை. கருமருந்தில் ஒரு சிட்டிகை கூடினால் தோள் வலிக்கும். புகையில்லா மருந்தில் ஒரு கூடு இரண்டு தடவை நிரம்பிவிட்டால் விரல் போகும். மருந்தே விழாத கூடு அதைவிட மோசம். கேப்பின் விசையில் குண்டு குழலுக்குள் பாதிதூரம் போய்ச் சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும், வேலை நடக்கும்போது டிவி ஓடக் கூடாது என்று அங்கே சட்டம் சொல்லவில்லை, அனுபவம் சொல்கிறது.

நம் ஊர் குழல் துப்பாக்கிக்காரருக்குப் புத்தகமும் இல்லை, தராசும் இல்லை. அப்பா காட்டிய அளவு, கொம்பில் செய்த ஒரு கிண்ணம். மேஜைக்காரர் விரும்பிச் செய்வதை இவர் வேறு வழியில்லாமல் செய்கிறார்.

மலைமேல் ஒரு பட்டறை

மருந்தும் ஈயமும் திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. ஊர் நடுவே திண்டுபோல் உட்கார்ந்திருக்கும் மலைக்கோட்டையில் வெயில் தாழ ஏறிப்பாருங்கள். பாறையில் வெட்டிய படிகள், மேலே சுற்றிவரும் மதில், பீரங்கி நிறுத்திய மேடைகள், தடித்த சுவர் எழுப்பிய கிடங்கு அறைகள். வெடிமருந்து அறைக்கு இரண்டு எதிரிகள்: ஈரமும் பொறியும். சுவரைத் தடிமனாகக் கட்டி, ஊரைவிட்டு உயரத்தில் வைத்ததன் அர்த்தம் உள்ளே நின்றால் புரியும்.

கோட்டையை 1605ல் எழுப்பியவர் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர். ஆனால் அதை ஆயுதப் பட்டறையாக்கியவர் ஹைதர் அலி. 1755ல் மைசூர் அரசு அவரைத் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக அனுப்பியது. அவர் அப்போது மன்னரில்லை, வளர்ந்துவரும் ஒரு தளபதி. திருச்சி, புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களை வரவழைத்து, பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் பீரங்கிப் படையும் ஆயுதசாலையும் வெடிமருந்துக் கூடமும் இங்கே தொடங்கினார். பின்னாளில் கம்பெனிப் படையைக் கலங்கடித்த மைசூர்ப் பீரங்கிப் படைக்குத் தொட்டில் இந்த ஊர். வேலு நாச்சியார் ஆதரவு தேடி ஹைதரிடம் வந்ததும், விருப்பாச்சி கோபால் நாயக்கரின் பாதுகாப்பில் இருந்ததும் இதே வட்டாரத்தில்தான். கோட்டையை ஆங்கிலேயர் 1767, 1783, 1790 என்று மூன்று தடவை பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அது நிரந்தரமாக அவர்கள் கைக்குப் போனது.

அதன் பிறகு நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். 1801ல் பாளையக்காரர் போர் முடிந்தது. கோபால் நாயக்கர் தூக்கிலிடப்பட்டார், மருது சகோதரர்களும். அந்த டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்படும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். ஊர்க்காவலும் வேட்டையும் போரும் கலந்திருந்த ஒரு வாழ்க்கையிலிருந்து ஆயுதம் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது அப்போதுதான். தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைக்கிறோமே, அந்த வழக்கத்துக்கு இரு நூற்றாண்டு முன்னோடி என்றே இதைச் சொல்லலாம். ஒரே வேறுபாடு, அன்றைக்கு யாரும் ரசீது கொடுக்கவில்லை.

அடுத்த அதிர்ச்சியும் தோட்டாவிலிருந்தே வந்தது. 1857ல் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த காகிதத் தோட்டாவை வாயால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டவேண்டும். காகிதத்தில் தடவியிருந்த கொழுப்பு எந்த மிருகத்தினுடையது என்ற கேள்வி வட இந்தியாவைப் பற்றவைத்தது. அந்தப் பயம் ஆட்சியாளர்களை விடவில்லை. 1878ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் தொடக் கூடாது என்றது. சுதந்திரத்துக்குப் பின் அதை மாற்றி எழுதியதுதான் 1959ன் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது?

* துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் வேறு, தயாரிக்கும் லைசென்ஸ் வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு வீட்டில் தோட்டா செய்யக் கூடாது. ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தயாரிப்பு, விற்பனை, பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்கும் தனி உரிமம் கேட்கிறது.

* 'தோட்டா' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் தோட்டாவின் உதிரிப் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அடங்கும். எனவே வெளிநாட்டிலிருந்து ஆசைப்பட்டு வரவழைக்கும் அந்தக் கையழுத்தியே, உள்ளே ஒரு குண்டுமணி மருந்து இல்லாவிட்டாலும், சட்டத்தின் கண்ணில் தோட்டாதான்.

* உரிமமில்லாமல் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. 2019 திருத்தத்தில் வந்த கடுமை இது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு.

* அதே 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக்கியது.

* குடகு நாட்டுக் கொடவர்களுக்குக் குறிப்பிட்ட துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு. அந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இத்தனை கெடுபிடிக்கு நடுவில் 13ஆம் பிரிவு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. பயிரைக் காக்க உண்மையிலேயே தேவை என்றால் வாய் வழி மருந்து போடும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். சட்டம் எழுதியவர்களின் கணக்கு புரிகிறது. ஒரு தடவை சுட்டால் அடுத்ததற்கு அரை நிமிடம் ஆகும் துப்பாக்கியால் கலவரம் பண்ண முடியாது. ஆனால் அந்தக் கணக்கின் விளைவாக, கெட்டிக்கும் வேலையில் அதிகக் கைப்பக்குவம் கேட்கும் ஆயுதம், அதற்குப் பயிற்சி எதுவும் கிடைக்காத ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பன்றிக்கு எல்லை தெரியுமா?

சிறுமலை, கன்னிவாடி, ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி என்று மலையும் சமவெளியும் தொடும் இடங்களில் இரவுக் காவல் இன்னும் ஒரு வேலை. நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி எதுவானாலும் காட்டுப்பன்றி ஒரு ராத்திரியில் உழுதுவிட்டுப் போய்விடும். மேலே கொடைக்கானல் பக்கம் என்றால் காட்டுமாடு. காட்டுமாடு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், தொடவே முடியாது. காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வந்தால் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டர் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடலாம் என்று எந்த இடத்திலும் இல்லை.

ஆக, பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது, பயிரைத் தின்னும் பன்றியைச் சுட இன்னொரு சட்டம் அனுமதிப்பதில்லை. குழல் துப்பாக்கிக்கு மிஞ்சியிருக்கும் நியாயமான வேலை, வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டு விரட்டுவதுதான். அதற்கு ஈயம் தேவையே இல்லை.

இந்த இடுக்கில்தான் கள்ளத் துப்பாக்கி வளர்கிறது. தமிழகத்தின் பல மலைகளிலும் கருமருந்து, பால்ரஸ் குண்டு, நாட்டுத் துப்பாக்கி என்று மூன்றும் சேர்ந்தே பிடிபடுகின்றன. கல்வராயனிலிருந்து ஜவ்வாது வரை காவல்துறை அவ்வப்போது கெடு வைக்கும். தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று தண்டோரா போடும். ஊர்ப் பெரியவர்கள் மூலம் சில குழல்கள் வந்துசேரும். வராதவை கூரைக்குள் இருக்கும்.

துப்பாக்கிகூட இல்லாதவர்கள் கையில் எடுப்பது அதைவிடக் கொடியது: அவுட்டுக்காய். தின்பண்டத்துக்குள் வெடி. பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கும், மாடு கடிக்கும், மேய்க்கிறவரின் கால் மிதிக்கும். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதைந்து ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றே செத்த கர்ப்பிணி யானையை நாடே பார்த்தது. இலங்கையில் இதன் பெயர் 'ஹக்க பட்டாஸ்', அங்கே குட்டி யானைகளே அதிகம் மாட்டிக்கொள்கின்றன. துப்பாக்கியைத் 'துவக்கு' என்று சொல்லும் ஈழத் தமிழில் 'கட்டுத்துவக்கு' என்று ஒரு சொல் உண்டு. மிருகம் வரும் பாதையில் கட்டிவைத்து, கயிறு இடறினால் தானே வெடிக்கும் பொறித்துப்பாக்கி. விறகுக்குப் போனவர்களின் முழங்காலுக்குக் கீழே அது எழுதிய கணக்கு வன்னி ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும்.

உருகும் ஈயம், ஊறும் விஷம்

வெடிதான் ஆபத்து, ஈயம் வார்ப்பது சும்மா அச்சு வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அது சத்தமில்லாத வெடி. உருகும் ஈயத்தின் மேல் மிதக்கும் சாம்பல் தூசி கையில் ஒட்டும், சட்டையில் ஏறும், சோற்றோடு உள்ளே போகும். ஒரு சொட்டு ஈரம் பட்ட கட்டியை உருகிய ஈயத்துக்குள் போட்டால் நீராவி சட்டியையே வீசியடிக்கும் என்பது கண்ணுக்குத் தெரியும் விபத்து. தெரியாதது நாள்பட வருகிறது: வயிற்றுவலி, சோகை, கை நடுக்கம், குழந்தைகளுக்கு அறிவு மந்தம். ஈயத்துக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்றே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெட்ரோலிலிருந்து ஈயத்தை இந்தியா 2000ல் நீக்கியது அதனால்தான். பழைய பேட்டரியை உடைத்து அடுப்படிச் சட்டியில் உருக்குவது, குண்டுக்காக இருந்தாலும் மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுக்காக இருந்தாலும், தலையெழுத்தோடு விளையாடுவது.

மேலைநாடுகளிலும் இப்போது காற்று மாறுகிறது. நீர்ப்பறவைகள் மண்ணைக் கொத்தும்போது ரவையையும் விழுங்கிச் சாகின்றன என்பதால் டென்மார்க் 1996லேயே ஈய ரவையைத் தடைசெய்தது. 2019 முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயம் கிடையாது. 2023 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் தடை.

ஆசை இருந்தால்?

துப்பாக்கிமேல் ஆசைப்படுவது குற்றமில்லை. கெட்டிக்கும் வேலையை நியாயமாகச் செய்கிற இடங்களும் உண்டு. குன்னூர் மலை ரயிலில் போகிறவர்கள் அருவங்காடு ஸ்டேஷனில் பார்க்கும் கார்டைட் தொழிற்சாலை 120 ஆண்டுக்கு மேலாகப் புகையில்லா மருந்து செய்கிறது. புனே பக்கம் கட்கியில் 1869ல் தொடங்கிய ஆலையின் 'சக்திமான்' தோட்டாதான் நம் ஊர் பன்னிரண்டு போர்க்காரர்களுக்குப் பழக்கமான பெயர்.

புதிதாகத் தொடங்க நினைக்கும் இளைஞருக்கு மருந்தே வேண்டாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் காற்றழுத்தத்தால் சுடுவது. குண்டு 4.5 மில்லிமீட்டர், குறியின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து பயிற்சியாளர் முன்னால் நின்று கற்றுக்கொள்ளலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வரை போனது இந்த விளையாட்டில்தான். பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் பிரிவில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டைக்காரர். அந்தப் போட்டித் தோட்டாவில் ரவையின் எடை 24 கிராமுக்கு மேல் போகக் கூடாது. பழைய பன்னிரண்டு போர் உருண்டை ஒன்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அதை வைத்து உள்ளங்கையளவு மண்தட்டைச் சிதறடிக்கிறார்கள்.

நுணுக்கமான கைவேலை செய்யத்தான் ஆசை என்றால் அதற்கும் திண்டுக்கல்லில் வழி இருக்கிறது. நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் நெம்பை அரத்தால் ராவி ராவி, சாவியை விட்டுப் பார்த்து, மறுபடி ராவுகிறார்கள். அமெரிக்க மேஜைக்காரர் தராசில் தேடும் அதே மயிரிழைப் பொருத்தம். அலிகார் மிஷின் பூட்டு மலிவாக வந்த பிறகு இந்தப் பட்டறைகளில் பிள்ளைகள் உட்காருவதில்லை. ஒரு கையின் திறமை வாழ்வதற்குச் சட்டம் அனுமதித்தால் மட்டும் போதாது, வாங்கவும் ஆள் வேண்டும்.

கெட்டிக்கும் திறமைக்கும் அதே கதிதான் வந்துகொண்டிருக்கிறது. பன்றியைச் சுட அனுமதியில்லை, மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். அப்பாவுக்குப் பின் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற அலைய அவனுக்கு மனசில்லை. தோட்டத்தில் ராத்திரி சோலார் வேலியும் சைரனும் காவல் காக்கின்றன. இந்தத் துப்பாக்கிகளில் பல ஒரு தேர்தலுக்கு ஸ்டேஷனுக்குள் போனால், ரசீதோடு யாரும் திரும்பி வராமல் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்போது உங்கள் வீட்டுப் பரணிலோ சுவரிலோ ஒன்று இருந்தால், வேட்டியில் சுற்றும் முன்பு கம்பியை எடுத்து உள்ளே விட்டுப் பாருங்கள். தாத்தா கடைசியாக எந்த ராத்திரிக்காகக் கெட்டித்தார் என்று யாருக்கும் தெரியாது. 'டங்' என்று கேட்டால் சரி. 'தொப்' என்றால் கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.